படத்துக்கு ஒரு வண்டி

உச்சிவெயிலில் அரசு மின்னேற்று நிலையத்தின் பச்சைக் கூரை பளபளக்கிறது. 'இயங்குகிறது' என்று கைபேசி காட்டியதை நம்பி வந்த மின் ஆட்டோ ஓட்டுநரின் கண்கள் முன்பலகையை விட்டு அகலவில்லை: மின்கலத்தில் எஞ்சியிருப்பது நான்கு விழுக்காடு. பின்னிருக்கையில் அவருடைய மனைவி வீங்கிய கால்களை நீட்டிச் சாய்ந்திருக்கிறாள். ஒரு மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். தவறினால் இன்னும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அவளுக்காக அதே மின்கலத்தில் சிறு விசிறி ஒன்று சுழல்கிறது. சுவரில் பதித்த திறப்புவிழாப் பளிங்குக் கல்லில் பதினொரு பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. காவலாளி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் இயந்திரத்தை ஈரத்துணியால் துடைத்து முடிக்கிறார்.

"அண்ணே, வயரை வண்டியில சொருகுங்க. அப்படியே நில்லுங்க."

ஓட்டுநர் சொருகுகிறார். இயந்திரத்தில் விளக்கு எரியவில்லை. காவலாளி கைபேசியை உயர்த்துகிறார்.

"கரண்ட் வரலியேப்பா?"

"எப்படிண்ணே வரும்? மிஷினுக்குத்தான் பணம் வந்துச்சு. லைன் இழுக்கறது வேற ஆபீஸ். தினம் ஒரு வண்டி சொருகின படம் மேலிடத்துக்குப் போனாத்தான் அடுத்த தவணைப் பணமாம்."

"அடுப்பை வாங்கிக் குடுத்துட்டு, நெருப்பை வேற வீட்டுல கேக்கச் சொல்றாங்களா?"

"நான் வெறும் வாட்ச்மேன்ணே. கொஞ்சம் சிரிங்க, போதும்."

ஓட்டுநர் சிரிக்கவில்லை, படம் எடுக்கப்பட்டுவிடுகிறது. பின்னிருக்கையிலிருந்து பார்ப்பவளுக்கு வண்டியில் சொருகிய வயர் மட்டுமே தெரிகிறது.

"ஏறுதாங்க?"

"ஏறுது. நீ கண்ண மூடிக்கோ."

அவள் நிம்மதியாகக் கண்களை மூடுகிறாள். விசிறி சுழல்கிறது. முன்பலகையில் நான்கு மூன்றாகிறது.