சாம்பல் நிறப் பட்டன்

“பதினாறா? நேத்து வரைக்கும் பதினஞ்சுதானே? நீதான் கூட ஒண்ணு போட்டிருக்க.”

“நான் எதையும் போடல. எனக்கு வேற வேலையில்ல பாருங்க. உங்களுக்கு மூச்சு முட்டினா அல்லாடப்போறது நான்தானே.”

அவருடைய நாள்பட்ட மூச்சிரைப்புக்கு நடையைத்தான் மருந்தாக எழுதித் தந்திருந்தாள் பிசியோதெரபிப் பெண். கூடத்திலிருந்து சமையலறை வரை தினம் பத்துச் சுற்று. சுற்றுக்கு ஒரு பட்டனை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். பேச்சுத் திணறினால் உட்கார்ந்துவிட வேண்டும். மனைவி தையல் டப்பாவிலிருந்து பத்து வெள்ளைப் பட்டன்களை எடுத்துப் போட்டாள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்றாகச் சாம்பல் நிறப் பட்டன் வந்து சேர்ந்தது. இது ஆறாவது.

அன்று பதினாறு சுற்றையும், பக்கத்து வீட்டு நாயைத் திட்டியபடியே நடந்து முடித்தார். ஒரு வசவுகூடப் பாதியில் நிற்கவில்லை. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று நாலு என்று காட்டியது. போன மாதம் எண்பத்தெட்டைத் தாண்டாத ஆள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“யார் போட்டா என்ன, நல்லதுக்குத்தான்,” என்று சிரித்தவர், புதுப் பட்டனை வெளிச்சத்தில் திருப்பினார். துளையில் நீல நூல் ஒட்டியிருந்தது.

“இது நீ தைச்ச நூல் மாதிரி இல்ல?”

அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் நீல நூலால் பட்டன் தைத்துக் கொடுத்தது ஒரே சட்டைக்குத்தான்; அவரை மூச்சு நின்று ஆஸ்பத்திரியில் கிடத்திய அன்று, நர்ஸ் கத்தரியால் வெட்டிக் குப்பையில் எறிந்த சட்டை. சாம்பல் நிறப் பட்டன்கள் ஆறையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

“ஏங்க, அந்தச் சட்டைக்கு மொத்தமே ஏழு பட்டன்தானே?”