காந்திமதி கலக்கிய காபி

"படபடப்புக்கு மாத்திரையெல்லாம் வேண்டாம், பேசியே சரி பண்ணுங்க" என்று சதாசிவம் அடித்துச் சொன்னார். மனநல டாக்டர் மேதாவும் சரி என்றுவிட்டார். கூட வந்திருந்த மனைவி காந்திமதி மட்டும் வாயே திறக்கவில்லை. அங்கேதான் சதாசிவத்துக்கு இடித்தது.

மறுநாள் காலை, டெல்லி ஜனக்புரி வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தார். அவள் ஒரு மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் காபியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன கலக்குதே?"

"சீனிதான். வேற என்ன?"

இரண்டு தம்ளர்களைக் கொண்டுவந்து ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். வாசலில் காய்கறிக்காரன் குரல் கேட்டதும், "பையா, ருக்கோ!" என்று அவனை நிற்கச் சொல்லி ஓடினாள். அவள் திரும்புவதற்குள் தம்ளர்கள் இடம் மாறிவிட்டன. அன்றுமுதல் தினமும் இதே கூத்து.

அடுத்த மாதம் சதாசிவம் டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்தினார். "படபடப்பே இல்ல, நல்லாத் தூங்குதேன். மாத்திரை இல்லாமலே!" ஓரக்கண்ணால் மனைவியை முறைத்தார்.

"நீங்க எப்படியிருக்கீங்கம்மா?" என்றார் டாக்டர்.

"எனக்குக் குடுத்த மாத்திரை கேக்கவே இல்ல டாக்டர்."

"உனக்கா?" என்றார் சதாசிவம்.

"சொன்னா சிரிப்பீங்கன்னுதான் மறைச்சேன். முழுங்க வராம, தினம் என் காபியில பொடிச்சுப் போட்டுக் குடிக்கேன். பொட்டுத் தூக்கம் இல்ல."

"அச்சா, அப்போ டோஸை ரெண்டு மடங்காக்கிடலாம்."

"ஐயோ, வேண்டாம் டாக்டர்!" சதாசிவம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சாப்பிடப்போறது அவங்க. நீங்க எதுக்கு சார் பதறுறீங்க?"