கட்டைவிரலில் பஞ்சு

“ஆறாயிரத்து நானூத்தி எழுவது ரூபா. வச்சிட்டு ரேகையை உருட்டுடா பச்சையப்பா!”

ரத்தினசாமி மேஸ்திரி கடன் நோட்டைப் பிரித்தார். ஆம்பூர் தோல் டேனரியில் சம்பளச் சனிக்கிழமை என்றால், கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். பத்து வட்டி. செல்லில் அனுப்புகிறேன் என்றால் வாங்க மாட்டார், பேங்கில் தெரிந்துவிடும். எழுதத் தெரிந்தவனும் அவர் நோட்டில் கட்டைவிரலைத்தான் உருட்ட வேண்டும்.

திங்கட்கிழமை கணியம்பாடியில் வீட்டு மனைக்கு அறுபதாயிரம் அட்வான்ஸ் கட்ட வேண்டும். அதனால் கடன்காரர்கள் பன்னிரண்டு பேரும் இன்றைக்கே வட்டியும் முதலுமாக வைத்தாக வேண்டும், வைக்காதவனுக்குத் திங்கள் முதல் வேலை கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். சாயப் பிரிவில் வேலை செய்கிற பச்சையப்பன் வாங்கியது ஐயாயிரம். இதுவரை கட்டிய வட்டி மட்டுமே ஒன்பதாயிரம்.

பச்சையப்பன் சம்பளக் கவரைப் பிரித்து நோட்டுகளை நீட்டினான். மேஸ்திரி நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாலாவது ஐந்நூறில் கை நின்றுவிட்டது. பச்சையப்பனின் இடது கட்டைவிரலில் பஞ்சு சுற்றியிருந்தது. பஞ்சின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

“இன்னாடா அது?”

“பஞ்சு மேஸ்திரி.”

“அது தெரியுது. எங்கேர்ந்து வர்ற?”

“மதிலுக்கு அந்தாண்ட வேன் நிக்குதில்ல, அங்கேர்ந்துதான்.”

மேஸ்திரி நோட்டுகளை பெஞ்சில் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார்.

அந்த வேன் காலையில் கேட்டு வாசலில்தான் நின்றது. எச்.ஐ.வி. பரிசோதனை வேன். விஜயகுமாரி என்கிற கவுன்சலிங் கொடுக்கிற பெண் மைக்கில் பொறுமையாகச் சொன்னாள்: “காசு இல்லை. ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரம். ரிசல்ட்டு உங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம், வேற யாருக்கும் சொல்ல மாட்டோம். தொட்டா பரவாது, ஒரே டம்ளர்ல டீ குடிச்சாலும் பரவாது.”

மேஸ்திரிதான் டீக்கடையிலிருந்து எதிர்ப்பாட்டு பாடினார். “அந்தம்மா வாங்கற சம்பளத்துக்குப் பேசுது! டம்ளர் இன்னாடா டம்ளர், ரூபா நோட்டுலயே ஒட்டிக்கும்! எவன் எவன் ஏறுறான்னு இங்கியே குந்திக்கினு பாக்கறேன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. வெட்கப்படுகிறவர்கள் மறைவாக வரட்டுமே என்று விஜயகுமாரி வேனை மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே யார் ஏறுகிறார்கள் என்பது டீக்கடையிலிருந்து தெரியாது.

“இன்னா சொன்னாங்கடா உனக்கு?” மேஸ்திரி ஓரடி பின்னால் போனார்.

“ரிசல்ட்டை வெளிய சொல்லக்கூடாதுன்னு அந்தம்மா மைக்லயே சொல்லிச்சே மேஸ்திரி.” பச்சையப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மைப் பெட்டியில் விரலை வைக்கப் போனான். “ரேகை எங்க உருட்டணும்?”

“நோட்டைத் தொடாதடா!”

“அப்போ பணம்?”

“எடுத்துக்கினு போ!”

“கடன் நிக்குதே. நாளைக்கு வீட்டாண்ட வந்து, அண்ணி கையில குடுத்துட்டு...”

“வீட்டுப் பக்கம் கால வச்ச, வெட்டிடுவேன்!” மேஸ்திரி பேனாவை வெடுக்கென்று எடுத்து நோட்டில் அவன் கணக்குப் பக்கத்தில் ‘பைசல்’ என்று எழுதினார். “தீந்துச்சு. போ.”

நாலு நோட்டு. நாலு முறை நாக்கு. மேஸ்திரி டீக்கடைத் தண்ணீரில் ஏழு தரம் வாய் கொப்பளித்தார்.

நிமிர்ந்தால் எதிரே ஜியாவுல்லா. பச்சைத் தோல் சுமக்கிற ஆள். அவர் கட்டைவிரலிலும் பஞ்சு.

“பாய், உனக்குமா?”

“வேன் பஞ்சுதான் மேஸ்திரி. நாலாயிரத்து எண்ணூறு. எண்ணிக்கிறியா?”

பைசல்.

அடுத்து டேனரியின் ஷூ ஷெட்டில் தைக்கிற சுந்தரி. பஞ்சு சுற்றிய விரலோடு கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “மேஸ்திரி, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. ஒங்க கையப் பிடிச்சிக்கினு ஒரு பாட்டம் அழட்டுமா?”

“அங்கியே நின்னு அழும்மா!”

பைசல்.

ஷிப்ட் விட்ட கூட்டம் கலைவதற்குள் பன்னிரண்டு பேரும் பஞ்சோடு வந்து போனார்கள். பெஞ்சில் ஒரு ரூபாய் சேரவில்லை. கணியம்பாடி மனை போனதுகூட அப்போது மேஸ்திரிக்குப் பெரிதாகப் படவில்லை. அவருடைய கவலையெல்லாம் நாக்கில் இருந்தது.

இருட்டத் தொடங்கியதும் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வேனில் ஏறினார். விஜயகுமாரி ரெஜிஸ்டரை மூடிவைத்துக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

“அம்மா, எனக்கும் பாத்துடு. நோட்டு எண்ணிட்டேன். எச்சி தொட்டு எண்ணிட்டேன்.”

“நோட்டுல வராதுண்ணா. காலைலேர்ந்து அதத்தான மைக்ல கத்தறேன்?”

“பன்னெண்டு பேருக்கு வந்திருக்குதும்மா! ஒரே டேனரியில பன்னெண்டு பேரு!”

விஜயகுமாரி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“எந்தப் பன்னெண்டு பேரு? காலைலேர்ந்து இந்தப் படி ஏறின மொத ஆளே நீங்கதாண்ணா. சாயப் பிரிவு ஆளு ஒருத்தரு மட்டும் கீழேயே நின்னு, கையில கீறல்னு சொல்லி ஒரு கட்டு பஞ்சு வாங்கிக்கினு போனாரு. இத்தினி பேரு வேலை செய்யற எடத்துல ஒருத்தருக்குக்கூட ஏறணும்னு தோணல பாருங்க. கை நீட்டுங்க.”

மேஸ்திரியின் கக்கத்திலிருந்து கடன் நோட்டு நழுவித் தரையில் விழுந்து விரிந்தது. விரிந்த பக்கத்தில், எந்தக் கைரேகையும் இல்லாமல், அவர் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: பைசல்.