முருங்கைக்கீரைக் கஞ்சி

தூரத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் சோம்பலாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை ஜன்னல் வழியே பார்த்தபடி செல்வதாஸ் முருங்கைக்கீரைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து வந்திருந்த தங்கை பிரிஜாவுக்கு ஆச்சரியம்.

"மைனி, மீன் கறியில புளி குறைஞ்சாலே தட்டைத் தள்ளுவாரு அண்ணன். இப்ப சத்துக் கஞ்சியைப் பேசாம குடிக்காரே!"

அண்ணி சத்தியபாய் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கண்ணை மூடிக்கிடுங்க. இது நெய்மீன் கறி. தேங்காய் அரைச்சு, மாங்காய் போட்டது. பக்கத்துல ஆவி பறக்க அவிச்ச மரச்சீனிக் கிழங்கு."

அவர் கண்களை மூடிச் சிரித்தார். கனவில் சாப்பிடுகிறவர்போல அடுத்த கரண்டியை வாயில் வைத்தவர், சட்டென்று முகம் சுளித்தார்.

"ஏட்டி, கீரை கசக்குது. உப்பும் பத்தல்ல. என்ன கஞ்சி வச்சிருக்கே?"

சத்தியபாயின் கண்கள் நிரம்பிவிட்டன.

"பாவம், மைனியை அழ வச்சிட்டீங்களே அண்ணா!" என்று பாய்ந்தாள் பிரிஜா.

"ஏசாத பிரிஜா. தொண்டைக்கு ரேடியேஷன் குடுத்ததுலேருந்து இவருக்கு இந்நேரம் வரைக்கும் ஒரு ருசியும் தெரியல்ல. யாருகிட்டயும் சொல்லல்ல. உடம்பு தேறணுமேன்னுதான் எல்லாத்தையும் விழுங்கினாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் அருகில் நெருங்கி உட்கார்ந்தாள் சத்தியபாய்.

"சொல்லுங்க, வேற என்ன குறை?"