நீளத் தட்டு

சன்னலில் காயும் மிளகாய்ச் சரத்தின் நிழல் ராடோயின் கணினித் திரைமேல் ஆடுகிறது. ராஸ்லோக் ஊர்ப் பக்கத்தில் அவர் தாபன் மேளம் அடிக்காத கல்யாணமே இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சொன்னபடி கேட்பது இடக்கையின் ஒற்றை விரல்தான். அந்த விரலுக்காகவே மகள் வெலினா இந்தத் தாள விளையாட்டைத் தேடிப் பிடித்தாள். பிரவுசரில் பக்கத்தைத் திறந்தால் போதும், இந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும். வட்டம் கோட்டைத் தொடும்போது ஒரே பொத்தானைத் தட்ட வேண்டும். ஆனால் அதற்குச் சம இடைவெளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இந்த ஊர்க் கால்களோ இரண்டு குட்டைத் தட்டு, ஒரு நீளத் தட்டு என்று ஆடுகிறவை. அவர் விரல் மூன்றாவது தட்டில் ஒரு மூச்சு நின்றுவிட்டே அடுத்த தட்டுக்கு விழுகிறது. ஒவ்வொரு முறையும் திரை 'தாமதம்' என்று சிவக்கிறது. "சனியன், என் கையத்தான் குத்தம் சொல்லுது," என்று குழறுகிறார். "அதுக்கு ஆடத் தெரியல கிழவா. நீ பாட்டுக்கு அடி," என்கிறாள் எதிரே உட்கார்ந்து சுட்ட கத்தரிக்காயைத் தோலுரிக்கும் மனைவி ஸ்டானா. மேசைக்கடியில் அவள் குதிகால் அவர் விரலோடு சேர்ந்து தரையைத் தட்டுகிறது: குட்டை, குட்டை, நீளம்.

அவர் மறுபடி தொடங்குகிறார். இம்முறை விரல் எங்கும் நிற்காமல், சுவர்க் கடிகாரம் போலச் சமமாக விழுகிறது. திரை முழுக்கப் பொன் நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. "பாத்தியா! ஒண்ணுகூடத் தப்பல!" என்று பாதி முகத்தால் சிரிக்கிறார். "அப்படிப் போடு," என்கிறாள் ஸ்டானா, கத்தரிக்காயை விட்டுக் கண்ணெடுக்காமல். மேசைக்கடியில் அவள் குதிகால், நீளத் தட்டுக்காகத் தூக்கியது, தூக்கியபடியே நிற்கிறது.