தலைவர் உத்தரவு

குளவிக்கூட்டை எடுக்கும்வரை ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கமாட்டோம் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சோலைமலை. அவரோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அங்கே பறிக்கப்போய்க் குளவி கொட்டிய சர்மிளா ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சோலைமலை கோழை இல்லை. சங்கம் போட்ட துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் படித்தவர். அதுதான் கஷ்டம். வேலையை நிறுத்தினால் துரை பொலிஸைக் கூப்பிடுவார். நிறுத்தாவிட்டால் இன்னொருத்திக்குக் கொட்டும். மனுக் கொடுக்கலாம். தமிழில் கொடுத்தால் துரைக்குப் படிக்கத் தெரியாது. சிங்களத்தில் கொடுத்தால் பணிந்துபோன மாதிரி. இரண்டிலும் எழுதினால், எதை மேலே எழுதுவது?

வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் வேலாயி கேட்டேவிட்டாள்.

"என்ன தலைவரே, இன்னைக்காவது தொரைகிட்ட பேசுவீங்களா? இல்ல, நாங்களே குளவிகிட்ட பேசிக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தலைவர் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பாதிதான் குடித்திருப்பார், துரை கூப்பிடுவதாக ஆள் வந்தது.

போனால், துரை எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்தக் காரியாலயத்தில் ஒரு தொழிலாளியை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மழை விட்டு, கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம். எந்த மலையிலும் ஒருத்தியும் இறங்கவில்லையாம். கூடையோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். யாரைக் கேட்டாலும் 'தலைவர் உத்தரவு' என்கிறார்களாம். இதற்குமுன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று துரை வருத்தப்பட்டார். கூட்டை எடுக்க ஆள் அனுப்புகிறேன், அதுவரை அங்கே பறிக்க வேண்டாம், சரிதானே என்றார்.

சோலைமலைக்குத் தலை சுற்றியது.

"யோசிச்சுச் சொல்றேங்க."

துரையின் முகம் வெளுத்தது. சர்மிளா படுத்திருக்கும் நாளுக்கும் சம்பளம் என்றார். தலைவர் வாயைத் திறக்கவில்லை. ரோட்டில் இருப்பவர்களுக்கும் இன்றைய சம்பளம் என்றார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் என்னதான் வேண்டும் என்று துரை கெஞ்சியபோது ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். அதைத் துரையே எடுத்துக்கொண்டு வந்தார்.

சோலைமலை ரோட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். பெண்கள் கைதட்டினார்கள். ரொம்ப யோசித்து எடுத்த முடிவு என்று சின்னதாக ஒரு பேச்சும் பேசினார்.

பிறகு வேலாயியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணுமே சொல்லல. இருந்தும் என் பேரச் சொல்லி என் மானத்தக் காப்பாத்திட்ட, புள்ள. இந்த மனசு யாருக்கு வரும்?"

வேலாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"மனசெல்லாம் ஒண்ணும் இல்ல, தலைவரே. தோத்துப்போனா, சொன்ன ஆள தொரை வேலைய விட்டுத் தூக்கிருவாருல்ல? எங்கள்ல யாரு போனாலும் ஒரு வேல கெட்டுப்போகும். யோசிக்கிறத நீங்க வீட்டுல இருந்தும் செய்யலாமேன்னுதான் உங்க பேரச் சொன்னோம்."