அசல் அட்டை கட்டாயம்

பீரோ சாவியை அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள் சொர்ணம்.

"சாவியைக் காணோம்ங்க."

கணேசமூர்த்தி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் பில் சரிபார்த்தவர். மூன்று நாளாக வீட்டில் தீம் பார்க் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி வீட்டு வெங்கடேஷ் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாதி விலைக் கூப்பன், பார்க் ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டதில் பொய் என்று தெரிந்தது. காலேஜ் ஐடி தள்ளுபடி, பிறந்தநாள் தள்ளுபடி இரண்டுக்கும் எதிரே 'பொருந்தாது' என்று எழுதிவிட்டார். மிஞ்சியது ஒன்றுதான். அறுபது முடிந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் டிக்கெட் எழுநூற்றைம்பது. அதன் கீழே சிவப்பு மையில் 'அசல் ஆதார் அட்டை கட்டாயம்'.

"உங்களுக்குத்தானே போன மாசம் அறுபது முடிஞ்சது? என் ஆதார் எதுக்கு?"

"அங்க போய் நின்னுக்கிட்டு, கொண்டு வரலையேன்னு முழிக்கக் கூடாது. நமக்குச் சேராத தள்ளுபடியை வாங்குறது தப்பு. சேர வேண்டியதை விட்டுட்டு வர்றதும் தப்பு. சாவி கிடைக்கலைன்னா சொல்லு, பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிடுறேன்."

சொர்ணத்தின் கண் அரிசி டிரம் இருந்த பக்கமே போனது.

பெண் மூத்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்து, ஜாதகத்தில் மூன்று வயதைக் குறைத்து எழுத வைத்தவர் அவள் அப்பா. உண்மையில் அவள் கணேசமூர்த்தியைவிட இரண்டு வயது பெரியவள். பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டி எடுத்த ஆதாரில் அது அப்படியே அச்சாகியிருந்தது.

முப்பத்தாறு வருஷமாக இந்த ஒன்றை அவள் வெளியே விட்டதில்லை. பஸ் டிக்கெட்டைக்கூட ஃபைலில் போட்டு வைக்கிற மனுஷர், அவளுடைய காகிதங்களை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் கேட்கிறார்.

அதுவும் யார் வந்திருக்கிற நாளில்? நங்கநல்லூரிலிருந்து அவர் தங்கை மணிமொழி விடியற்காலையிலேயே தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நிச்சயதார்த்தப் பந்தியில், "மதினி எங்கண்ணனுக்கு அக்கா மாதிரில்ல இருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தவள். அந்தச் சிரிப்பு சொர்ணத்தின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

பூட்டுக்காரர் நம்பரை அவர் தேட ஆரம்பித்ததும், சொர்ணம் சமையலறைக்கு ஓடினாள்.

"கிடைச்சிருச்சுங்க. அரிசிக்குள்ள விழுந்து கெடந்துச்சு."

"பீரோவுலேருந்து சாவி நடந்துபோய் அரிசியில விழுந்துச்சா மதினி?" என்றாள் மணிமொழி.

அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையின் உள் ஜிப்புக்குள் திணித்துக்கொண்டாள் சொர்ணம். தி.நகரில் பஸ் ஏறியதிலிருந்து அந்த ஜிப்பை விட்டுக் கை எடுக்கவில்லை. அடையாறு தாண்டும்போது கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தாள்.

"எனக்குத் தலை சுத்துதுங்க. திருவான்மியூர்ல இறங்கி நான் வீட்டுக்குத் திரும்புறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"இன்னும் ராட்டினத்துலயே ஏறலை, அதுக்குள்ளயா மதினி சுத்துது?"

கணேசமூர்த்தி சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டுக்கென்று வைத்திருந்த பழுப்பு நிறக் கவரை எடுத்து, உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டார். கொண்டுபோகிற பணத்தில் மிச்சமும் வரக் கூடாது, துண்டும் விழக் கூடாது அவருக்கு.

பார்க் வாசலில் வரிசை நகர நகர, சொர்ணம் கைப்பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். முன்னால் நின்ற பெரியவரிடம் கவுன்ட்டர் பெண் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பிறந்த தேதியைச் சத்தமாகப் படித்தாள். வரிசை முழுக்கக் கேட்டது. சொர்ணத்துக்குப் பின்னால் மணிமொழி, காதைத் தீட்டிக்கொண்டு.

இன்னும் இரண்டே பேர்.

"மணி, போய் ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா," என்றார் கணேசமூர்த்தி.

"பையில ரெண்டு பாட்டில் இருக்கேண்ணே."

"ஐஸ் தண்ணி வேணும். அந்தக் கோடிக் கடையில இருக்கும் பாரு."

"கடைக்குப் போற வழிக்குத் தள்ளுபடி உண்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் மணிமொழி.

இன்னும் ஒருவர். பிறகு அவரும் நகர்ந்தார்.

கணேசமூர்த்தி தன் அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார். வைத்த கையை அப்படியே சொர்ணத்தின் பக்கம் நீட்டினார். அவளுக்கு ஜிப்பைத் திறக்கவே வரவில்லை. அவரே திறந்தார். கைக்குட்டையைப் பிரித்து, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தரம்கூடப் பார்க்காமல், தன் அட்டையின் மேல் வைத்தார். பக்கத்தில் பழுப்புக் கவர். "மூணு டிக்கெட்" என்றார்.

"சீனியர் ஒண்ணு, முழு டிக்கெட் ரெண்டா சார்?" என்றாள் அந்தப் பெண், அட்டைகளை இன்னும் கையில் எடுக்காமல்.

சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீனியர் ரெண்டும்மா. தேதியைப் படிக்க வேணாம், என் தங்கச்சி வர்றதுக்குள்ள அடிச்சுக் குடுத்துரு."